காலு அவனுது, அட்டை எனுது

காப்பீட்டுப் பிரிவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் ஒரு படம் காட்டியிருப்பார்கள். அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், கையில் காப்பீட்டு அட்டை, முகத்தில் சிரிப்பு. அந்தக் குடும்பத்தை என் பணிக்காலம் முழுக்கத் தேடினேன், ஒரு நாளும் என் மேசைக்கு வரவில்லை. வந்தவர்களெல்லாம் நேற்றிலிருந்து சாப்பிடாதவர்கள், பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவர்கள், யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் வாட்ச்மேனை டாக்டர் என்று நினைத்துக் கும்பிட்டவர்கள். இனி அவர்கள் உங்களிடம் வருவார்கள். எனக்குச் சந்தோஷம்தான்.

கள்ளக்குறிச்சியில் ஒரு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசே பணம் கட்டி மருத்துவக் காப்பீடு தருகிறது. நோயாளி அட்டையோடு வருவார். நாம் விவரங்களைக் கணினியில் ஏற்றி, இன்ன அறுவை சிகிச்சைக்கு அனுமதி வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புவோம். அங்கே ஒரு மருத்துவர் பார்த்து ஒப்புதல் தருவார். விதிமுறைகள் எனக்குத் தலைகீழாகத் தெரியும். அது பல சமயம் உதவியாக இருந்தது, ஏனென்றால் பல விதிமுறைகள் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

அவற்றைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அதற்குச் சுற்றறிக்கைகள் இருக்கின்றன. தூக்கம் வராதபோது படியுங்கள். எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கல்வராயன் மலையிலிருந்து ஒரு நோயாளி வந்திருந்தார். கடுக்காய் பறிக்க மரமேறியவர் கிளை முறிந்து விழுந்து தொடை எலும்பு உடைந்துவிட்டது. மலையிலேயே மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அது சரிப்படாமல், வலி தாங்க முடியாமல், கடைசியில் கீழே தூக்கிவந்தார்கள். எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்பு கோணலாகக் கூடத் தொடங்கியிருக்கிறது, இன்னும் தள்ளிப்போட்டால் கால் குட்டையாகிவிடும் என்றார். சமவெளியில் இருப்பவருக்குக் கால் கொஞ்சம் குட்டையானால் விந்தி விந்தியாவது நடப்பார். மலையில் இருப்பவருக்கு வீட்டிலிருந்து விதைக்கிற கொல்லைக்குப் போவதே ஏற்றமும் இறக்கமும்தான். அவருக்கு அந்தக் கால்தான் சோறு.

அந்த மருத்துவர் எங்கள் மருத்துவமனைக்கு வாரம் ஒரு முறை வருகிறவர். உளுந்தூர்பேட்டை வழியாகக் காரில் முதல் நாள் மதியம் வந்து நோயாளிகளைப் பார்ப்பார், மறுநாள் காலை அறுவை சிகிச்சை செய்துவிட்டுப் போய்விடுவார். தவறவிட்டால் அடுத்த வாரம்தான். ஆனால் அன்று தவற எதுவும் இல்லை. எங்கள் பணி மருத்துவர் எழுதிக் கொடுத்ததை வைத்து, அவர் வருவதற்கு முந்தின நாளே விண்ணப்பம் போய், ஒப்புதலும் வந்திருந்தது. தொடைக்குள் வைக்க வேண்டிய கம்பியும் தயார். நோயாளியின் பெயர் பெரியசாமி.

விண்ணப்பத்தை ஏற்றியவள் திலகவதி. சங்கராபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிற பெண், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. கணினி முன்னால் உட்கார்ந்தால் விரல்கள் பறக்கும். ஒரே குறை, கண்ணும் அந்தத் திரையை விட்டு நகராது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் கட்டிலுக்கே போய், நோயாளியிடம் பெயர், ஊர், உடம்புக்கு என்ன என்று மூன்றையும் நானே கேட்டுவிடுவேன். எந்த விதியும் இதைச் செய்யச் சொல்லவில்லை. விதி சொல்லாததையும் செய்கிறேனே என்று சக ஊழியர்களுக்கு என்மேல் வருத்தம். அன்று மதியம் எலும்பு முறிவு வார்டுக்குப் போனேன். கட்டிலில் ஒல்லியான ஒருவர், ஐம்பதை ஒட்டிய வயது, காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் அவர் மனைவி ராஜம்மாள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையில் குந்திக்கொண்டு இன்னொருவர் பன்னை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

"உங்க பேரு இன்னாங்க?" என்று கட்டிலில் இருந்தவரைக் கேட்டேன்.

"சடையன்."

கையிலிருந்த தாளைப் பார்த்தேன். பெரியசாமி என்று இருந்தது. கட்டில் எண்ணைச் சரிபார்த்தேன். சரியாக இருந்தது.

"அப்ப பெரியசாமி யாரு?"

பன் தின்றுகொண்டிருந்தவர் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நான்தாங்கம்மா."

"உங்களுக்கு உடம்புக்கு இன்னா?"

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க. நல்லாத்தான் இருக்கறேன்."

"தொடை எலும்பு உடைஞ்சது யாருக்கு?"

அவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். படித்தவர்கள் இப்படியும் இருப்பார்களா என்ற பார்வை. பிறகு பொறுமையாக விளக்கினார்.

"காலு அவனுதுங்க. அட்டை எனுது."

என் இத்தனை வருடப் பணியில் இவ்வளவு சுருக்கமான ஆள்மாறாட்ட வாக்குமூலம் எனக்குக் கிடைத்ததில்லை. பொதுவாக ஏமாற்ற வருகிறவர்கள் பெயரை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள், வியர்ப்பார்கள், கேள்வி கேட்டால் கோபப்படுவார்கள். இங்கே மூன்று பேரும் என்னை வெள்ளந்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விசாரித்தபோது விஷயம் இதுதான். இருவரும் பக்கத்துப் பக்கத்து வீடு, மாமன் மச்சான் முறை. மலையில் அட்டை கொடுக்கிற முகாம் நடந்தபோது சடையனும் ராஜம்மாளும் கேரளாவில் மிளகு பறிக்கப் போயிருந்தார்கள். முகாம் வந்தது, போனது, அட்டை கிடைத்தவர்களுக்குக் கிடைத்தது, அத்தோடு முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள். சடையனுக்குக் கால் உடைந்ததும் பெரியசாமி தன் அட்டையைக் கொடுத்தார். அந்த ஊரில் சாமை விதைக்கும்போது ஒருவர் ஏர்மாடு இன்னொருவர் கொல்லைக்குப் போவது வழக்கம். மாட்டைக் கொடுத்தால் மாட்டுக்காரரும் கூடவே போக வேண்டும். மாடு புதுக் கைக்கு மிரளும். அதனால் அட்டையோடு பெரியசாமியும் மலையிறங்கி வந்துவிட்டார்.

வந்தது நல்லதாகப் போயிற்று என்பது அவர் கட்சி. "மிஷினு என் வெரலத்தான கேட்டுச்சு. அவன் வெரல வச்சிருந்தா ஒத்துக்கினு இருக்குமா?"

"பொய் சொன்னா தப்புன்னு தெரியாதா?"

"எங்கீங்க பொய் சொன்னேன்? அந்தப் பொண்ணு பெரியசாமி வெரல வைன்னுச்சு, வச்சேன். பெரியசாமிக்கு வயசு இன்னான்னுச்சு, சொன்னேன். காலு யாருதுன்னு யாரும் கேக்கல."

உண்மைதான். நாம் கேட்பதில்லை.

திலகவதியைக் கூப்பிட்டுச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. அழுகையை அடக்கிக்கொண்டு, சரியாக நீங்கள் எல்லோரும் கேட்கப்போகிற கேள்வியைக் கேட்டாள்.

"மேடம், அப்ரூவல் வந்துடுச்சு. நாளைக்குக் காலையில ஆபரேஷன். கேன்சல் பண்ணி, திரும்ப அப்ளை பண்ணி, அது வரலன்னா அவருக்குக் கால் போயிடும். அப்படியே விட்டா நடப்பாரு. அவரும் ஏழைதான், இவரும் ஏழைதான். யாருக்கு மேடம் நஷ்டம்?"

விதிமுறை என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும்: ஆள்மாறாட்டம், அட்டை முடக்கம், மேலிடத்துக்கு அறிக்கை, தேவைப்பட்டால் காவல்துறை. அதை அப்படியே செய்தால் என்மேல் யாரும் குறை சொல்ல முடியாது. சடையன் மட்டும் வாழ்நாள் முழுக்கக் கோணல் காலோடு இருப்பார். அவள் சொன்னபடி செய்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் யாருக்கும் தெரியாது. இரண்டு வழியும் எனக்குச் சௌகரியமானவை. இரண்டு வழியும் நமக்குச் சௌகரியமாக இருக்கும்போது கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும்.

எலும்பு மருத்துவரிடம் போனேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பேரு எதுவா இருந்தா எனக்கென்ன மேடம்? சடையன் தொடையா இருந்தாலும் பெரியசாமி தொடையா இருந்தாலும் எலும்பு ஒரே எலும்புதான். நான் எக்ஸ்ரேவைத்தான் பாக்கறேன்."

"அடுத்த வருஷம் பெரியசாமி உண்மையிலேயே தொடை உடைஞ்சு வந்தா? கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே கம்பி வச்சதா இருக்கற தொடைக்கு மறுபடியும் எப்படிக் கம்பி வைப்பீங்க, டாக்டர்?"

"அதை அடுத்த வருஷம் பாக்கலாம்," என்றார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. மறுபடியும் வார்டுக்குப் போனேன். பெரியசாமியிடம் கேட்டேன்: விரல் வைத்ததைத் தவிர வேறு எதற்காவது உங்களைக் கூப்பிட்டார்களா?

"காலையில ஊசி வச்சினு ஒருத்தர் வந்தாருங்க. பெரியசாமின்னாரு. கைய நீட்டினேன். கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கினு போனாரு."

"உங்களுக்கா எடுத்தாரு?"

"அவனுக்கு ஏற்கெனவே வலி ஜாஸ்திங்க. எனக்குன்னா இன்னா, கொஞ்சம்தான."

அறுவை சிகிச்சையின்போது ஏற்ற வேண்டிய ரத்தத்துக்காக எடுத்த மாதிரி அது. சடையன் உடம்பில் ஏறப்போகும் ரத்தத்தைப் பெரியசாமியின் ரத்தத்தோடு பொருத்திப் பார்த்து எடுத்து வைத்திருந்தார்கள். உடனே சடையனுக்கு எடுத்துப் பார்க்கச் சொன்னேன். இருவருக்கும் வேறு வேறு வகை.

மருத்துவர் டீயைக் கீழே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு பெயர் எதுவாக இருந்தால் என்ன என்று அவர் சொல்லவில்லை. திலகவதியும் யாருக்கு நஷ்டம் என்று கேட்கவில்லை. நோயாளியின் பெயர் நமக்குக் காப்பீட்டுக் கணக்குக்காக மட்டும் இருப்பதல்ல. ஊசியிலிருந்து மருந்து வரைக்கும் அந்தப் பெயரைத் தேடிக்கொண்டுதான் வருகிறது. யார் கையை நீட்டுகிறார்களோ அவர்களிடம் போய்விடும்.

ஒப்புதலை ரத்து செய்வது என்று முடிவெடுத்தேன். அதில் ஒரு சிறிய சிக்கல். ரத்துக்குக் காரணம் கேட்டுக் கணினி ஒரு பட்டியல் தரும்: நோயாளி சிகிச்சையை மறுத்தார், நோயாளி இறந்துவிட்டார், மருத்துவக் காரணம், பிற. 'மறுத்தார்' என்று போட்டுவிடலாமா, பிரச்சினை இருக்காதே என்று திலகவதி கேட்டாள். படுத்திருக்கிற மனிதர் எதையும் மறுக்கவில்லை. 'பிற' என்பதைத் தேர்ந்தெடுத்து, நடந்ததை நடந்தபடி தமிழில் எழுதினேன்: அட்டைக்காரர் தன் அட்டையை உறவினருக்கு இரவல் கொடுத்து, தானும் உடன் வந்திருக்கிறார், ஏமாற்றும் எண்ணமில்லை, இருவரும் தங்கள் உண்மைப் பெயரைத்தான் சொன்னார்கள், பணம் எதுவும் கோரப்படவில்லை. 'பிற' என்ற இடம் எதற்கு இருக்கிறது என்று உங்களில் சிலர் யோசித்திருப்பீர்கள். மனிதர்களுக்காக.

காப்பீட்டு நிறுவனத்து மருத்துவர் உடனே போன் செய்தார். இப்படி யாரும் எழுதிக் கொடுத்ததில்லையாம். மாட்டுக்காரர் கதையையும் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பு. சடையன் பெயரில் புது அட்டை எடுத்து விண்ணப்பம் வந்தால் அவசரம் என்று பார்க்கிறேன், ஆனால் வந்தால்தான் பார்க்க முடியும் என்றார்.

பெரியசாமிக்குத்தான் மனம் ஆறவில்லை. கொடுத்ததை வேண்டாம் என்று திருப்பியதில் முகம் சுருங்கிவிட்டது. ஆள்மாறாட்டம் என்ற சொல்லை எடுத்துச் சொன்னேன், புரியவில்லை. சட்டம் என்றேன், அதுவும் ஏறவில்லை. கடைசியில், நாளைக்கு உங்கள் கால் உடைந்தால், இவருக்கு ஏற்கெனவே கம்பி வைத்தாயிற்று என்று கணினி சொல்லிவிடும், அப்போது என்ன செய்வீர்கள் என்றேன்.

யோசித்தார். "அவன் அட்டைய வாங்கிக்கறேன்."

"அவருக்குத்தான் அட்டையே இல்லையே."

"அப்ப அவனுக்கும் ஒண்ணு வேணுமே," என்றார்.

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று. இவை இருந்தால் முகாமுக்குக் காத்திருக்க வேண்டாம். கலெக்டர் அலுவலகத்தில் எந்த வேலைநாளிலும் பதியலாம். நோயாளி எழுந்து வர முடியாவிட்டால் மருத்துவர் கடிதத்தோடு குடும்பத்தார் போகலாம். குடும்ப அட்டையும் ஆதாரும் ராஜம்மாளிடம் ஜவுளிக்கடைப் பையில் பத்திரமாக இருந்தன. இல்லாதது வருமானச் சான்று. கிராம நிர்வாக அலுவலர் இருப்பது மலையில். அன்றைக்கே பஸ் பிடித்து ஏறி இறங்க முடியாது.

இங்கே என் அறிவு கொஞ்சம் உதவியது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். மாவட்டத்தில் எந்த அலுவலர் எந்த நாளில் எந்தக் கூட்டத்தில் தூங்குவார் என்பது எனக்கு அத்துப்படி. அன்று கிராம நிர்வாக அலுவலர்கள் எல்லோருக்கும் கலெக்டர் அலுவலகத்தில் ஆய்வுக் கூட்டம். மலைக்காரரும் கீழேதான் இருப்பார். மருத்துவரிடம் கடிதம் வாங்கி, ராஜம்மாளைத் திலகவதியின் ஸ்கூட்டி பின்னால் உட்காரவைத்து அனுப்பினேன். ராஜம்மாள் அதுவரை ஸ்கூட்டியில் ஏறியதில்லை. திலகவதியின் இடுப்பை அவர் பிடித்த பிடியில் அவளுக்கு இரண்டு நாள் வலி இருந்ததாகக் கேள்வி.

அங்கே நடந்ததைத் திலகவதி பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கூட்டம் நடக்கிற அறைக்கு வெளியே ஊழியர் தடுத்துவிட்டார். முடியும் வரை யாரையும் கூப்பிட முடியாது. எப்போது முடியும் என்று கேட்டால், முடிந்தால்தான் தெரியும் என்றாராம். பதிவு மையமோ மாலையில் மூடிவிடும். திலகவதி கைபேசியைப் பார்த்தபடி என்னைக் கூப்பிடலாமா என்று யோசிப்பதற்குள் ராஜம்மாள் கதவைத் தள்ளித் தலையை நீட்டிவிட்டார். உள்ளே வரிசையில் தன் ஊர் அலுவலரைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, மாமன் காலு ஒடிஞ்சி படுத்துக்கினு கெடக்குது. ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வந்து குந்திக்க."

அறை முழுக்கத் திரும்பியது. மேடையிலிருந்த அதிகாரி பேச்சை நிறுத்தினார். பிறகு அதிகாரியே சிரித்துவிட்டு, போய்ப் போட்டுக் கொடுங்கள் என்றாராம். அந்த இளைஞர் வெளியே வந்து, சுவரில் தாளை வைத்து எழுதி, பையிலிருந்து முத்திரையை எடுத்துக் குத்தினார். சடையன் வீட்டு வருமானத்தை விசாரிக்க அவர் மலையேற வேண்டியதில்லை. அந்த வீட்டைத் தாண்டித்தான் அவர் தினமும் அலுவலகம் போகிறார்.

பதிவு மையத்தில் சர்வர் படுத்துக்கொண்டது, எழுந்தது, மறுபடியும் படுத்தது. மூடுகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு சடையன் பெயரில் எண் வந்தது. திலகவதி திரும்பி வந்து, கணினியைத் தொடுவதற்கு முன் வார்டுக்குப் போய்ச் சடையனின் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு வந்தாள். விண்ணப்பம் போயிற்று.

மறுநாள் காலை. அறுவை அரங்கில் முதல் நோயாளி சடையன். ஒப்புதல் வரவில்லை. மருத்துவர் கையைக் கழுவிக்கொண்டு நிற்கிறார். ராஜம்மாள் என் முகத்தையே பார்க்கிறார். நேற்று இந்நேரம் கையில் ஒப்புதல் இருந்தது, அதைத் தூக்கிப் போட்டது நான். அந்தச் சமயத்தில் உங்களுக்கும் ஒரு ஆசை வரும்: இன்னும் பத்து நிமிடத்தில் வந்துவிடும், ஆரம்பிக்கச் சொல்லிவிடலாம் என்று. வராவிட்டால் அந்தச் செலவு யார் தலையில் என்பதை அந்த ஆசை சொல்லாது. அது சடையன் தலையில்தான். மருத்துவரிடம் போய், இரண்டாவதாக இருக்கிற மணிக்கட்டு நோயாளியை முதலில் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

"நேத்து பேரை மாத்தினீங்க, இன்னிக்கு வரிசையை மாத்தறீங்க," என்றார். "நாளைக்கு டாக்டரை மாத்துவீங்களா?"

"நீங்க மத்தியானத்துக்குள்ள கிளம்பிட்டீங்கன்னா அதையும் யோசிப்பேன், டாக்டர்."

மணிக்கட்டுக்காரரை வெளியே தள்ளிக்கொண்டு வரும்போது ஒப்புதல் வந்தது. சடையனைச் சடையன் என்ற பெயரிலேயே, சடையனுக்குப் பொருந்திய ரத்தத்தோடு உள்ளே கொண்டுபோனார்கள். பெரியசாமிக்கு இனி அங்கே வேலை இல்லை, அட்டையும் அவர் சட்டைப் பைக்குத் திரும்பிவிட்டது. ஆனாலும் அவர் ஊருக்குப் போகவில்லை. சடையன் வீடு திரும்பும் வரை அதே தரையில் குந்தியிருந்தார். யாராவது ஊசியோடு வந்தால் மட்டும், "நான் இல்லீங்க, அவன்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

சில மாதங்கள் கழித்து ஒரு நாள். எங்கள் பிரிவு மாடியில் இருந்தது. லிஃப்ட் வழக்கம்போல ஓய்வில் இருந்தது. படியேறி இருவர் வந்து என் மேசை முன்னால் நின்றார்கள். முன்னால் சடையன். கையில் கோல் இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவர் பெரியசாமிதான்.

"இவனுக்கு முட்டி வலிங்கம்மா," என்றார் சடையன். "என் அட்டையில போட்டுப் பாத்துடுங்க."

தலையில் கை வைத்துக்கொண்டேன். அவருக்குச் சொந்த அட்டை இருக்கிறதே, அன்றைக்கு அத்தனை விளக்கினேனே என்றேன்.

"இருக்குதுங்க. அது அவனுது." சடையன் பெரியசாமியைப் பார்க்காமல் என்னிடமே பேசினார். "அன்னிக்கி அவன் எனக்குக் குடுத்தான். நீங்க வாணாம்னுட்டீங்க. அதுக்காவ அவன் குடுக்கலன்னு ஆயிடுமா?"

பெரியசாமி ஜன்னலுக்கு வெளியே பஸ் ஸ்டாண்டை மும்முரமாகக் கவனித்துக்கொண்டிருந்தார்.

என் தலையில் இருந்த விதிகளையெல்லாம் ஒரு சுற்றுப் புரட்டினேன். இதற்கு ஒன்றும் இல்லை.

"ஆவாது," என்றேன். "அவரு குடுத்தாரு. எனக்குத் தெரியும்."

சடையன் தலையை ஆட்டிக்கொண்டார். அவர் படியேறி வந்தது இதற்காகத்தான் போலிருக்கிறது. பெரியசாமி திரும்பி, "போலாம் வா, பஸ்ஸு பூடும்" என்றார். எலும்பு டாக்டர் இன்று வந்து கீழ்த்தளத்தில் இருக்கிறார், உங்கள் அட்டையோடு போய் முட்டியைக் காட்டிவிட்டுப் போங்கள் என்று அவரை விரட்டினேன். சடையன் முன்னால் இறங்கினார். பெரியசாமி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாகக் காலை வைக்க, சடையன் திருப்பத்தில் நின்று, அவர் வந்து சேர்ந்ததும் அடுத்த படியில் இறங்கினார்.